நின்ன வண்டி ஓடின மூணு நாள்

பெரிய ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியுற ஊத்துப்பட்டி விலக்குல பஞ்சர் கடை வச்சிருக்கிற பஞ்சவர்ணம் நான்தான். ரோட்டுல ஆணி போட்டு வைக்கிறவ நான்தான்னு எங்க ஊர்ல பேச்சு வராத பிள்ளைகூட சொல்லும், சொல்லிட்டுப் போகட்டும், இந்தக் கையால நான் ஆணி போட்டது கிடையாது, ஒரே ஒரு தடவையைத் தவிர, அதைக் கடைசியில சொல்றேன். இப்போ சொல்ல வந்தது, ஸ்டாண்டு போட்டு நிறுத்தின மோட்டார் சைக்கிள் ஒண்ணு எங்க விலக்குல மூணு நாள் நிக்காம ஓடின கதை.

அதுக்கு முன்னாடி எங்க ஊரைப் பத்திச் சொல்லணும். மழை பேஞ்சா, இது எதுக்கு இந்நேரத்துல பெய்யுதுன்னு கேக்குற ஊரு அது. முன்னெல்லாம் இப்படி இல்ல. பதினாலு வருசத்துக்கு முன்னாடி காருல நாலு பேரு வந்து, மரத்தடியில நாற்காலி போட்டு, எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் குடுத்து, படிச்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டம் நடந்ததுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து போடுங்கன்னு கேட்டாங்க. பத்தாவது பாஸ் பண்ணினவ நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். டீ குடிச்சதுக்குக் கையெழுத்துத்தானேன்னு பெருமையா போட்டுக் குடுத்துட்டேன். அந்தத் தாளுல, நாலு வழி ரோடு வர்றதுல ஊருக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருந்துச்சு. ரோடு வந்துச்சு, பன்னெண்டு கிணறு போச்சு, பன்னெண்டுல ஒண்ணு எங்க அண்ணன் வீரணனோடது.

அன்னையில இருந்து அண்ணன் எங்கிட்டப் பேசுறதில்ல. ஊரு அய்யனார் முன்னாடி சூடம் ஏத்தி, இனிமே யாரும் யாருக்கும் எந்தத் தாளுலயும் சாட்சிக் கையெழுத்துப் போடுறதில்லைன்னு சத்தியம் பண்ணிருச்சு. கல்யாணத்தைப் பதியணும்னா சாட்சிக்கு அசலூர்ல இருந்து ஆளு கூட்டிட்டு வருவோம். கூரியர்க்காரன் பொட்டியைக் குடுத்துட்டு எங்க கையெழுத்தை அவனே போட்டுக்கிட்டு ஓடிருவான். பிள்ளைகளோட மார்க் அட்டையில கோழிக்காலை மையில தொட்டு ஒத்தி அனுப்பின வீடும் இருக்கு, வாத்தியாரும் பேசாம வாங்கி வச்சுக்குவாரு.

இப்படியாப்பட்ட ஊருக்குத்தான் மாசி மாசம் ஒருநாள் காலையில ஏழு மணிக்கு எட்வின் ஜெபராஜ் வந்து சேர்ந்தான். நாப்பது வயசு இருக்கும், வெயில்ல மினுங்குற பட்டை வச்ச சட்டை, முட்டிக்கு முட்டி கவசம், ஹெல்மெட்டு மேல ஒரு கேமரா, வண்டியில திசை காட்டுற பெட்டி. டீக்கடை மாயழகு பெஞ்சுக்குப் பக்கத்துல வண்டியை நிறுத்தி, கிலோமீட்டர் மீட்டரைப் படம் புடிச்சு, மணியைப் பாத்து ஒரு டைரியில எழுதி, மைல்கல்லையும் படம் புடிச்சுட்டு, "போதும்"னு சொல்லி உக்காந்தான். போதாதா எங்காளுகளுக்கு? ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தவன்னு பத்து நிமிசத்துல முடிவாயிருச்சு.

"என்ன தம்பி, பஞ்சரா?"ன்னு கேட்டேன்.

"இல்லக்கா. ஒரு போட்டி. தூத்துக்குடியில கிளம்பி ஐதராபாத்தைத் தொட்டுட்டு, ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டரை ஒன்றரை நாளுக்குள்ள முடிச்சுத் திரும்பணும். நான் விலகிட்டேன்."

"இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு?"

"இருநூறு சொச்சம். நேரம் நாலு மணி நேரம் இருக்கு."

மாயழகு டீ ஆத்துறதை நிறுத்திட்டான். "ரெண்டாயிரத்து இருநூறு ஓட்டினவன் இருநூறுக்குப் பயந்து நின்னுட்டியாக்கும்? நம்புறது மாதிரி ஏதாவது சொல்லு."

"முதுகு வலிண்ணே"ன்னான் அவன், கண்ணைத் தரையில வச்சுக்கிட்டு. முதுகு வலிக்கிறவன் எதுக்குத் தரையைப் பாக்கணும்? எனக்கே சுருக்குனு பட்டுச்சு.

அப்புறம்தான் பைக்குள்ள இருந்து அந்தத் தாளை எடுத்தான். இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். போட்டியில இருந்து விலகுறவன் எந்த ஊர்ல நிக்கிறானோ அந்த ஊர்க்காரங்க கையெழுத்தை வாங்கி அனுப்பணுமாம். "இங்கே யாராச்சும் சாட்சிக் கையெழுத்துப் போடுவீங்களா?"ன்னு அவன் கேட்டதுதான் தாமதம், பெஞ்சு காலி, டீக்கடை காலி, குடிச்ச பாதி டீ கிளாசுலயே நிக்குது.

அவன் போட்டித் தலைவருக்குப் போன் போட்டான். தள்ளிப் போய் நின்ன எங்களுக்கும் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. தலைவர் கறாரான ஆளு. "அந்த ஊர்க்காரங்க கையெழுத்து இருந்தாத்தான் நீ விலகினதா அர்த்தம் எட்வின். இல்லைன்னா நீ இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கேன்னுதான் அர்த்தம்"னு சொல்லி வச்சுட்டாரு.

அவரு வச்ச கையோட கிலோமீட்டர் முள்ளு நகர ஆரம்பிச்சுச்சு.

ஸ்டாண்டு போட்ட வண்டி, சாவி அவன் சட்டைப் பையில, எஞ்சின் சத்தம் இல்ல, சக்கரம் சுத்தல, ஆனா முள்ளு மட்டும் மணிக்கு எம்பதுன்னு ஓடுது, பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் தலைமுடி பின்னாடி பறக்குது, சட்டை படபடன்னு அடிக்குது, கண்ணு ஓரம் தண்ணி காதுப் பக்கமா வழியுது, எங்கிருந்தோ வந்த வண்டு ஒண்ணு அவன் நெத்தியில பட்டுச் செத்து விழுது. நாங்க ஒருத்தரும் ஆச்சரியப்படல. எங்க அண்ணன் வீரணன் மட்டும் முள்ளைக் குனிஞ்சு பாத்துட்டு, "பாத்தியா, உக்காந்த இடத்துலயே அளக்குறான்"னு மாயழகுகிட்டச் சொன்னான்.

அதுதான் ஊருக்குப் பெரிய குழப்பமாப் போச்சு. பத்து மணிக்குள்ள இருநூறு கிலோமீட்டர் அளந்துட்டான், எங்க ஊரோ கிழக்கு மேற்கா ஒன்றரை கிலோமீட்டர்தான், அப்போ மிச்சம் யாரு நிலத்தை அளக்குறான்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டாங்க. நான் என் பங்குக்கு ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, வண்டியைக் கல்லு மேல தூக்கி வச்சேன். முள்ளு ஓட்டம் நிக்கல. கழட்டிப் போட்ட டயரு கடை ஓரத்துல படுத்த வாக்குலயே தேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பதினாலு வருசம் டயரோட கிடக்குறவ நான், கை வச்சுப் பாத்தேன், சுட்டுச்சு.

பத்தரை மணி வாக்குல விலக்கு பூரா உப்பு வாடையும் மீன் வாடையும் வந்துச்சு. எட்வின் எந்திரிச்சு நின்னு, "அக்கா, எங்க தெருக்கா"ன்னான். "எங்க வீடு... வீட்டைத் தாண்டிப் போறேன்க்கா." அந்த நேரம் அவன் சம்சாரம் மெர்லின் போன் பண்ணுச்சு. "ஏங்க, வாசல்ல உங்க வண்டி சத்தம் கேட்டுச்சு, ஓடி வந்து பாத்தா தூசிதான் நிக்குது, எங்கே இருக்கீங்க?" அவன் போனைப் புடிச்சபடியே அழுதான். அந்தக் கண்ணீரையும் காத்து பின்பக்கமா அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். ஆனாலும் பேனாவைத் தொடல.

வீட்டைத் தாண்டின வண்டி கடலோரத்தைப் புடிச்சு எங்கெங்கேயோ போச்சு. ஒருநேரம் அவன் மேல மட்டும் மழை பேயும், பக்கத்துல உக்காந்தவன் வேட்டி காஞ்சே இருக்கும். ஒருநேரம் கருப்பட்டி காய்ச்சுற வாடை, ஒருநேரம் எங்களுக்குப் பேரு தெரியாத பூவோட வாடை. அவன் போனுக்கு ஒவ்வொரு ஊராத் தாண்டின தகவல் டிங்கு டிங்குன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்க ஊருப் பொம்பளைங்க விட்டு வைப்பாங்களா? உளுந்து அறுப்புக் காலம், காத்தே இல்லாம களத்துல உளுந்து தூத்தாமக் கிடந்துச்சு. ரெண்டாம் நாள் காலையில முறத்தோட வந்து, அவன் பின்பக்கம் வரிசையா நின்னு தூத்த ஆரம்பிச்சுட்டாங்க. "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போப்பா, மணியும் சேந்து பறக்குது"ன்னு ஒருத்தி சொல்ல, அவனும் பாவம், ஆக்சிலேட்டரைக் குறைக்கிற மாதிரி கையைத் திருகிப் பாத்தான். காத்து குறைஞ்சுச்சு. உளுந்து தூத்திக்கிட்டே அவன் நிலம் அளக்க வந்தவன்னு பேசிக்கிட்டாங்க. அவங்களுக்கு அதுவும் இதுவும் இடிக்கவே இல்ல.

சிக்கல் என்னன்னா, அவனால தூங்க முடியாது. முதல் நாள் மத்தியானம் லேசாக் கண்ணசந்தான். அந்த நொடியே எங்கேயோ லாரி ஹாரன் அலறுச்சு, கல்லு மேல நின்ன வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு, அவன் வலது முழங்கையில தோலு உரிஞ்சு ரத்தம் வந்துச்சு, பெஞ்சை விட்டு அவன் அசையவே இல்ல. இன்னொரு தடவை அசந்தா ஆளு இருக்க மாட்டான்னு எல்லாருக்கும் விளங்கிருச்சு.

அதுக்கப்புறம் ஊரே முறை வச்சு அவன் பக்கத்துல உக்காந்துச்சு. கேட்டா, காவல்னு சொன்னாங்க. "கண்ணை எடுத்தா அளந்த கணக்கோட ஓடிருவான்"னு எங்க அண்ணன் சொன்னான். ஆனா காவலுக்கு வந்தவங்க எல்லாம் அவன்கிட்ட ஓயாமக் கேள்வி கேட்டாங்க. உப்பளத்துல எடை போடுற வேலைன்னா என்ன வேலை, சம்சாரம் எந்த ஊரு, மாமனார் எப்படிப்பட்டவரு, இவ்வளவு தூரம் ஓட்டி எதைக் கண்டேன்னு கேட்டுக்கிட்டே முகத்துல தண்ணி அடிப்பாங்க, சூடா டீயை ஊத்துவாங்க. காத்துல சோறு பறக்கும்னு அண்ணன் கையில கவளமா உருட்டி அவன் வாயில ஊட்டுறதை நானே பாத்தேன். ஊட்டுறப்பவும் முறைச்சுக்கிட்டேதான் ஊட்டினான்.

அவனும் சும்மா இருக்கல. யாரோ ஒருத்தர் பேரை இஷ்டத்துக்கு எழுதி அவனே கையெழுத்தைப் போட்டுப் பாத்தான். எழுதின மை தாளை விட்டுப் பறந்து, தூத்துன உளுந்துல போய் ஒட்டிக்கிச்சு.

மூணாம் நாள் காலையில அவன் முகத்தைப் பாக்க முடியல. உதடு வெடிச்சு, கண்ணு ரெண்டும் மொளகாப் பழமா இருந்துச்சு. மெர்லின் தூத்துக்குடியில இருந்து பஸ் ஏறிருச்சு, ஆனா அது வந்து என்ன செய்ய, அது இந்த ஊர்க்காரி இல்லையே. "அக்கா"ன்னு என்னைக் கூப்பிட்டான். "எனக்கு நிக்கணும்க்கா. அவ்வளவுதான்."

நான் உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டு மூணு தடவை கழுவினேன். வந்து, "தாளைக் குடு"ன்னேன்.

உளுந்து தூத்தினவ முறத்தை இறக்கி வச்சுட்டா. "சத்தியத்தை மீறப் போறா, ஏற்கெனவே ஊரைக் கெடுத்தவதானே"ன்னு முதுகுப் பக்கம் குரல் வந்துச்சு.

"இருங்க"ன்னேன். "அன்னைக்கு நான் படிக்காமப் போட்டேன். கையெழுத்துப் போட்டது தப்பில்ல, படிக்காமப் போட்டதுதான் தப்பு. இன்னைக்கு ஒரு எழுத்து விடாமப் படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க."

எழுத்துக் கூட்டி, அர்த்தம் தெரியாத இடத்துல அவனையே கேட்டு, ஒவ்வொரு வரியையும் தமிழ்ல சத்தமாச் சொன்னேன். அவன் பேரு, வண்டி நம்பரு, கிளம்பின நேரம். நிலம்னு ஒரு வார்த்தை இல்ல, ரோடுன்னு ஒரு வார்த்தை இல்ல. முதல் பக்கத்துக் கடைசியில, விலகுறதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் காலியாக் கிடந்துச்சு.

"முதுகு வலின்னு எழுதட்டுமா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லைன்னு ஆட்டினான்.

"மேலக்கோட்டைப் பாலம் தாண்டினது ஞாபகம் இருக்குக்கா. அதுக்கப்புறம் உங்க ஊர் மைல்கல்லுதான் ஞாபகம் இருக்கு. நடுவுல பதினோரு கிலோமீட்டர் எனக்குத் தெரியாது. தூங்கிட்டே ஓட்டியிருக்கேன். எதுலயோ ஏறி இறங்கின மாதிரி கை அதிர்ந்துச்சு. அது என்னன்னு தெரியல. யாருன்னு தெரியல." தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்தான். "திரும்பிப் போய்ப் பாக்கப் பயந்துக்கிட்டுத்தான் இங்கே உக்காந்துட்டேன்."

எங்க அண்ணன் துண்டை உதறித் தோள்ல போட்டு, தன் வண்டியை எடுத்தான். "மாயழகு, ஏறு. இவன் சொல்றதை நம்பிக்கிட்டு இருக்க முடியாது, போய்ப் பாத்துட்டு வருவோம்."

ரெண்டு பேரும் போனாங்க. அந்த நாலு மணி நேரமும் நான் எட்வின் கன்னத்துல தட்டிக்கிட்டே இருந்தேன். அவங்க பதினோரு கிலோமீட்டரும் வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்து, ஒவ்வொரு புதரா விலக்கி, ஒவ்வொரு பள்ளமா இறங்கி, வழியில இருக்கிற கடைக்காரங்க, ஆடு மேய்க்கிறவங்க, ஆம்புலன்ஸ் டிரைவரு எல்லாரையும் கேட்டு, யாரு சொன்னதையும் நம்பாம இன்னொருத்தர்கிட்டயும் கேட்டு, மத்தியானம் மூணு மணிக்கு வேர்வையோட திரும்பி வந்தாங்க.

"மனுசரு இல்ல, மாடு இல்ல, ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்ல"ன்னான் அண்ணன், எட்வினைப் பாத்து. "நடுவுல இன்னொரு பாலம் வேலை நடக்குற இடத்துல புதுசா ஒரு வேகத்தடை போட்டு, வெள்ளைக் கோடு அடிக்காம விட்டிருக்கான். நீ ஏறி இறங்கினது அதுலதான். நானும் ஏறினேன், என் இடுப்பு போச்சு."

எட்வின் அண்ணனோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதான். தன்னையே நம்ப முடியாம மூணு நாள் ஓடினவனுக்கு, யாரையும் நம்பாத ஊரு போய்ப் பாத்துட்டு வந்து சொன்னதுதான் நம்பிக்கையா இருந்துச்சு.

காரணக் கட்டத்துல, தூக்கம்னு எழுதினேன். இந்த ஆளு எங்க ஊர்ல வந்து நின்னதை நான் கண்ணால பாத்தேன்னு எழுதி, பஞ்சவர்ணம்னு கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கோணல்மாணலா விழுந்துச்சு.

காத்து பாதியாக் குறைஞ்சுச்சு. ஆனா நிக்கல. முள்ளு நாப்பதுல ஓடுச்சு.

தாளைத் திருப்பிப் பாத்தேன். பின்பக்கம் அடியில, பொடி எழுத்துல இன்னொரு கட்டம் இருந்துச்சு. "நீயாவது இதை முழுசாப் படிச்சியாடா?"ன்னு எட்வினைக் கேட்டா, அவன் முழிச்சான். ரெண்டாவது சாட்சியாம். நான் அதைப் படிச்சேன். சத்தமாப் படிக்கிறேன்னு ஊருக்குச் சொல்லிட்டேனே, படிச்சுத்தானே ஆகணும்.

"மேலே கையெழுத்துப் போட்டவரை எனக்கு நேரில் தெரியும். அவர் சொல் நம்பத் தகுந்தது."

போச்சுடா, அவன் செத்தான்னு நினைச்சேன். என் சொல்லு நம்பத் தகுந்ததுன்னு ஊத்துப்பட்டியில எவன் எழுதுவான்? பதினாலு வருசமா என் கடையில காத்து அடிச்சுட்டு, அடிச்ச காத்து சரியா இருக்கான்னு பக்கத்து ஊர்ல போய்ச் சோதிக்கிறவங்க இவங்க. கூட்டம் ஒவ்வொரு அடியாப் பின்னாடி போச்சு. எட்வின் தலை ஒரு பக்கமாச் சரிஞ்சுச்சு. தூரத்துல லாரி ஹாரன் கேக்க ஆரம்பிச்சுச்சு. "டேய், முழிடா, முழிடா"ன்னு நான் அவன் தோளைப் புடிச்சு உலுக்கினேன்.

"பேனா எங்கே?"

எங்க அண்ணன்தான். எங்கிட்டக் கேக்கல, மாயழகுகிட்டக் கேட்டான். அவன் மூணாங்கிளாசோட பள்ளிக்கூடத்தை விட்டவன், பேரு மட்டும்தான் எழுதத் தெரியும். தாளை மாயழகு முதுகுல வச்சு, நாக்கை ஓரமாக் கடிச்சுக்கிட்டு, வீரணன்னு பெரிசாப் போட்டான். ஹாரன் இன்னும் கிட்ட வந்துச்சு.

"இன்னும் ஒரு கட்டம் காலியா இருக்கு"ன்னு நான் கத்தினேன். "மேற்படியாரை எத்தனை வருசமாத் தெரியும்னு கேட்டிருக்கு."

அண்ணன் மாயழகைப் பாத்தே சொன்னான். "அவ பொறந்ததுல இருந்துன்னு போடச் சொல்லு."

நாப்பத்தஞ்சுன்னு எழுதினேன். முள்ளு நின்னுச்சு. ஹாரன் பாதியிலயே அறுந்துச்சு. மூணு நாளாப் பறந்துக்கிட்டு இருந்த உளுந்துத் தூசி அப்படியே எல்லார் தலையிலயும் இறங்குச்சு. எட்வின் பெஞ்சுல இருந்து சரிஞ்சு என் கடையோட பழைய டியூப் குவியல் மேல விழுந்து, குறட்டை விட ஆரம்பிச்சுட்டான். சாயங்காலம் வந்து இறங்கின மெர்லின், அவன் மூக்குல விரல் வச்சுப் பாத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிச்சு. மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினான். எந்திரிச்சதும் தேஞ்ச டயரை மாத்திக் குடுத்தேன், ரெண்டு பேரும் மெதுவா, ரொம்ப மெதுவாக் கிளம்பிப் போனாங்க.

அவங்க தலை மறைஞ்சதும் ஊரு வழக்கம்போல ஆரம்பிச்சுருச்சு. போனவன் எதுக்கு அவ்வளவு மெதுவாப் போனான், அளந்ததைச் சரி பாக்குறானோன்னு ஒருத்தர் கேட்டாரு. எல்லாரும் ஆமான்னாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போனாங்க, அண்ணன் மட்டும் வண்டியோட அங்கேயே நின்னான். என் முகத்தைப் பாத்து, பதினாலு வருசத்துல முதல் தடவையா, நேரா எங்கிட்டயே பேசினான்.

"கையெழுத்து வேற, ஆணி வேற. ரோட்டுல ஆணி போடுறவ நீதான்."

"ஒரே ஒரு தடவைதான் அண்ணே"ன்னேன். "உன் வண்டிக்கு மட்டும்தான் போட்டேன். பஞ்சர் ஒட்டவாவது எங்கிட்ட வந்து நிப்பேன்னு நினைச்சேன். நீ மேலக்கோட்டை வரைக்கும் தள்ளிக்கிட்டே போயிட்ட."

"தெரியும். ஆணியைப் பாத்ததுமே தெரியும். அதனாலதான் தள்ளிக்கிட்டுப் போனேன்."

அப்புறம் வண்டியை உருட்டிட்டு வந்து என் கடை வாசல்ல ஸ்டாண்டு போட்டு, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாரு"ன்னான்.

குனிஞ்சு டயரை அமுக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு, காத்து நிறைய இருந்துச்சு. "ஆமா அண்ணே, கம்மிதான்"னு சொல்லி, அவனுக்குத் தெரியாமக் கொஞ்சம் காத்தை இறக்கிட்டு, திரும்ப அடிச்சேன்.